இரவல் சண்டை

பிப்ரவரி 4

சிட்டு,

பாட்டி எழுதுகிறேன். இடது முழங்கால் தவிர உடம்பில் மற்றதெல்லாம் சொன்ன பேச்சைக் கேட்கிறது. உன் உடம்பு எப்படி இருக்கிறது, வேளைக்குச் சாப்பிடுகிறாயா என்பதை முதலில் எழுது. மற்ற சமாசாரம் அப்புறம்.

நீ வேலையை விட்டுவிட்டதாக உன் அப்பன் சொன்னான். செய்தித்தாளை மடித்துக்கொண்டே சொன்னான். "அவ வேலைய விட்டுட்டாம்மா. ஜூன் கடைசி வரைக்கும் வேற தேடட்டும். கிடைக்கலைன்னா பேசாம வந்து நம்ம கிடங்குல ரசீது எழுதட்டும்." உறைந்த மீன் பெட்டிகளுக்கு நடுவே நீ ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு ரசீது எழுத வேண்டுமாம். எட்டாம் வகுப்புப் பரீட்சையை அவன் மூன்று தடவை எழுத நான் விட்டேன். உனக்கு ஆறு மாதம்கூடத் தர மாட்டேன் என்கிறான். அந்த மூன்று தடவையையும் அவன் மறந்துவிட்டான். நான் மறக்கவில்லை.

ஏன் விட்டாய்? அது ஒரு கேள்வி. இந்த இன்டர்வியூ என்கிறார்களே, அதில் ஐந்து சுற்றாமே, உட்காரவைத்து என்னதான் கேட்கிறார்கள்? அது இரண்டாவது.

மூன்றாவது ஒன்று இருக்கிறது. உன் கடிதங்களைத் தேதிவாரியாக அடுக்கி வைத்திருக்கிறேன். ஆகஸ்டிலிருந்து நவம்பர் வரை ஒவ்வொன்றிலும் உன் அறைத்தோழி கண்ணாடி அக்கா வருகிறாள். கண்ணாடி அக்கா வெந்நீர் வைத்துத் தந்தாள். கண்ணாடி அக்காவும் நீயும் ஒரே கம்பெனியில் அடுத்தடுத்த நாற்காலி. உனக்குக் காய்ச்சல் வந்தபோது கண்ணாடி அக்கா உன் வேலையையும் சேர்த்துப் பார்த்தாள். டிசம்பர்க் கடிதத்தில் அவள் இல்லை. ஜனவரியிலும் இல்லை. ஊருக்குப் போயிருக்கிறாளா?

போனில் கூப்பிடாதே. என் காதுக்கு அது தகரத்தை உருட்டுவது மாதிரி இருக்கிறது. எழுது.

பாட்டி


பிப்ரவரி 19

அன்புள்ள பாட்டிக்கு,

சிட்டு வணக்கத்துடன் எழுதுகிறேன். சாப்பிடுகிறேன்; வேளைதான் கொஞ்சம் முன்னே பின்னே ஆகிறது. முழங்காலுக்கு நான் அனுப்பிய உறையைப் போட்டுக்கொள்கிறீர்களா, இல்லை பீரோவுக்குள் பத்திரமாக வைத்திருக்கிறீர்களா?

இன்டர்வியூ பற்றிக் கேட்டிருந்தீர்கள். முதல் சுற்று போனில். அடுத்த இரண்டு மூன்று சுற்றுகளில் ஒரு கணக்குக் கொடுப்பார்கள். உதாரணமாக, எண்கள் வரிசையாக இருக்கும். அதில் எந்த இரண்டைக் கூட்டினால் நூறு வரும் என்று கண்டுபிடிக்கப் புரோகிராம் எழுத வேண்டும். ஒவ்வொரு எண்ணையும் மற்ற எல்லா எண்ணோடும் சேர்த்துப் பார்த்தால் விடிந்துவிடும். பார்த்த எண்களையெல்லாம் நினைவில் வைத்துக்கொண்டே நடந்தால் ஒரே நடையில் முடிந்துவிடும். உடனே கேட்பார்கள், "நினைவில் வைக்க எவ்வளவு இடம் ஆகும்?" அதற்கும் பதில் வேண்டும்.

நாற்பத்தைந்து நிமிடம். சும்மா எழுதினால் போதாது. மனத்தில் ஓடுவதை வாயால் சொல்லிக்கொண்டே எழுத வேண்டும். அதனால் தினமும் காலையில் அலமாரியைப் பார்த்துச் சத்தமாகப் பேசிப் பழகுகிறேன். ஹாஸ்டல் வார்டன் நேற்று கதவைத் தட்டி, "யாரும்மா உள்ள? விருந்தாளிக்கு அனுமதி கிடையாது" என்றார்.

இதிலெல்லாம் தேறிவிடுகிறேன் பாட்டி. நாலு கம்பெனியில் கடைசிச் சுற்று வரை போனேன். கடைசிச் சுற்றில்தான் நாலிலும் விழுந்தேன். அதில் கணக்கு கிடையாது. ஒரு மேலாளர் வந்து சிரித்துக்கொண்டே கேட்பார்: "கூட வேலை பார்த்தவங்களோட உங்களுக்கு மனஸ்தாபம் வந்த ஒரு சம்பவத்தச் சொல்லுங்க. அத எப்படித் தீர்த்தீங்க?" அங்கே என் வாய் பூட்டிக்கொள்கிறது. உதடு ஒட்டிப்போகிறது. தண்ணீர் கொடுக்கிறார்கள், குடித்துவிட்டு நன்றி சொல்கிறேன். அவ்வளவுதான்.

எனக்குச் சண்டை போட்டுப் பழக்கமில்லை. உங்களிடம் கைவசம் நிறைய இருக்கின்றன. வேலை பார்த்த இடத்தில் நடந்ததாக, நல்லதாக ஒன்றை இரவல் தாருங்கள். கம்ப்யூட்டர்க் கம்பெனிக்குத் தகுந்த மாதிரி நான் மாற்றிக்கொள்கிறேன்.

உங்கள்
சிட்டு


மார்ச் 3

சிட்டு,

உறையைப் போட்டுக்கொண்டுதான் எழுதுகிறேன். கடிக்கிறது.

எண்ணை நினைவில் வைக்க இடம் கேட்கிறார்களா? என்னிடம் வரச் சொல். எனக்கு இடத்துக்குப் பஞ்சமில்லை.

உன் கடிதத்தைப் படித்ததும் எனக்கு ஒரு உற்சாகம் வந்துவிட்டது, மறைப்பானேன். எழுபத்திநாலு வயதில் என்னிடம் ஒருத்தி சண்டை கேட்டு எழுதுகிறாள். எதைத் தருவது என்று இரண்டு நாள் யோசித்தேன். மருத்துவமனைச் சலவைப் பிரிவில் முப்பது வருஷம் வேலை பார்த்தவள் நான். சமையல்கட்டுக்காரி என் சாப்பாட்டுத் தட்டை மாற்றிவைத்தது ஒன்று. கணக்கெழுதுபவர் என் வருகைப் பதிவை அழித்தது ஒன்று. ஆனால் எல்லாவற்றிலும் மேலானது உன் சின்னப் பாட்டி செய்ததுதான். உன் தாத்தாவின் தம்பி மனைவி, எனக்கு ஓரகத்தி, நம் வீட்டு மாடியிலேயே இருக்கிறவள். நாங்கள் ஏன் பேசுவதில்லை என்று சின்ன வயதில் நீ கேட்டபோது, "தொண்டை சரியில்லை" என்றேன். முப்பத்தொரு வருஷமாகத் தொண்டை சரியில்லை.

எழுதிக்கொள். ஒரு செவ்வாய்க்கிழமை. காலை பத்தே கால். அவளும் நானும் ஒரே நீள மேசையில் ஆபரேஷன் அங்கிகளுக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தோம். இரண்டு பேருக்கும் நடுவே ஒரே ஒரு மின்சார இஸ்திரிப் பெட்டி. இன்னொன்று பழுதாகிப் போயிருந்தது. நான் போட்டால் அவள் மடிப்பாள், அவள் போட்டால் நான் மடிப்பேன். இடைவேளை மணி அடித்தது. கை கழுவப் போனோம். திரும்பினால் ஒரே புகை. மடித்து வைத்திருந்த பதினாலு அங்கியும் கருகிவிட்டன. இஸ்திரிப் பெட்டி அவற்றின் மேல் படுத்துக் கிடந்தது.

மேற்பார்வையாளர் வந்தார். கழுத்தில் எப்போதும் விசில் தொங்கும், அதனால் விசில்காரர். "கடைசியா பெட்டியத் தொட்டது யாரு?" என்றார். உன் சின்னப் பாட்டி கையை நீட்டினாள். "அக்காதான்." அவ்வளவுதான் சொன்னாள். நீல நிற மேலங்கி போட்டிருந்தாள், இரண்டாவது பொத்தான் இல்லை.

என்னை ஊறவைக்கும் அறைக்குத் தள்ளிவிட்டார்கள். ஏழு மாதம். விரல் நுனியில் தோல் நிற்கவில்லை. அன்றிலிருந்து படியில் எதிரே வந்தால் அவள் சுவரைப் பார்ப்பாள், நான் கைப்பிடியைப் பார்ப்பேன்.

இதைக் கொண்டுபோய்ச் சொல். இதைவிட நல்ல சண்டை இந்தத் தெருவில் யாரிடமும் கிடைக்காது.

கண்ணாடி அக்கா பற்றிக் கேட்டிருந்தேன். நீ ஏன் வேலையை விட்டாய் என்றும் கேட்டிருந்தேன். கடிதத்தைத் திருப்பிக்கூடப் பார்த்தேன், பின்பக்கம் எழுதியிருக்கிறாயோ என்று.

உடம்பைக் கவனி.

பாட்டி


மார்ச் 27

அன்புள்ள பாட்டிக்கு,

சிட்டு எழுதுகிறேன். சளி பிடித்து விட்டுவிட்டது. உறை கடித்தால் உள்ளே மெல்லிய துணி ஒன்றைச் சுற்றிக்கொள்ளுங்கள்.

உங்கள் சண்டையைப் பயன்படுத்தினேன். சலவைப் பிரிவைக் கம்பெனி ஆக்கினேன். இஸ்திரிப் பெட்டியைப் புரோகிராம் ஆக்கினேன். பதினாலு அங்கி பதினாலு கோப்புகள் ஆயின. விசில்காரரை மாற்றவே வேண்டியிருக்கவில்லை. அப்படியே குழுத் தலைவர் ஆகிவிட்டார். ஒரு வாரம் அலமாரிக்குச் சொல்லிப் பார்த்தேன். அலமாரிக்குப் பிடித்திருந்தது.

இன்டர்வியூவில் மேலாளர் ஒரு பெண். நன்றாகக் கேட்டுக்கொண்டார். "அநியாயமா இருக்கே" என்றுகூடச் சொன்னார். பிறகு, "சரி, அவங்க ஏன் உங்களக் கை காட்டினாங்கன்னு நினைக்கிறீங்க? அவங்க பக்கம் என்ன காரணம் இருந்திருக்கும்?" என்றார்.

பாட்டி, அந்தக் காரணம் உங்கள் கடிதத்தில் இல்லையே. வாயில் வந்ததைச் சொன்னேன்: "அவங்க குணமே அப்படி." அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். "அப்புறம் எப்படித் தீர்ந்தது?" "தீரலைங்க. நான் ஏழு மாசம் ஊறவைக்கிற அறையில..." என்று சொல்லிவிட்டேன். சொன்ன பிறகுதான் உறைத்தது. "எந்த அறை?" என்று கேட்டார். நான் அவரைப் பார்த்தேன், அவர் என்னைப் பார்த்தார். தண்ணீர் கொடுத்தார்கள்.

ஐந்தாவது கம்பெனியும் போயிற்று. இன்னும் மூன்று மாதம்தான் இருக்கிறது.

அதனால் சில விவரங்கள் தேவை. கை காட்டும்போது சின்னப் பாட்டி உங்கள் முகத்தைப் பார்த்தார்களா? நிச்சயமாகத் தெரிந்து சொன்னார்களா, தெரிந்த மாதிரி சொன்னார்களா? தன் மேல் பழி வந்துவிடும் என்று பயந்தார்களா? நீங்கள் ஏன் அங்கேயே மறுத்துப் பேசவில்லை? பிறகு எப்போதாவது அவர்களுக்கு உண்மை தெரியவந்ததா? தெரிந்திருந்தால் ஏன் சொல்லவில்லை? சொல்ல வந்து, உங்கள் கதவு வரை வந்து, திரும்பிப் போயிருப்பார்களா? நீங்கள் அந்த அறையில் இருந்த ஏழு மாதமும் அவர்களுக்குச் சாப்பாடு இறங்கியதா? அவர்கள் வந்து சொல்லியிருந்தால் நீங்கள் கதவைத் திறந்திருப்பீர்களா?

சிரமம் கொடுக்கிறேன். இன்டர்வியூவுக்காகத்தான்.

உங்கள்
சிட்டு


ஏப்ரல் 6

சிட்டு,

சளி விட்டது சந்தோஷம். துணி சுற்றினேன், கடி நின்றது.

அவள் பக்கம் காரணமா? அவளுக்கா? அந்த மேலாளர் அம்மாளை இரண்டு நாள் எங்கள் மாடிக்குக் கீழே குடியிருக்கச் சொல்.

உன் கேள்விகளை எண்ணினேன். ஒன்பது. என்னைப் பற்றி இரண்டு. அவளைப் பற்றி ஏழு.

என் இரண்டுக்கும் பதில். ஏன் மறுத்துப் பேசவில்லை? கோபம் வந்தால் எனக்கு அந்த நேரத்தில் பேச்சு வராது. எல்லாம் அப்புறம்தான் வரும், வந்தால் முப்பது வருஷம் நிற்காது. அவள் வந்திருந்தால் கதவைத் திறந்திருப்பேனா? மாட்டேன்.

மற்ற ஏழுக்கும் எனக்குப் பதில் தெரியாது. தெரியாது என்பதே எனக்கு இப்போதுதான் தெரிகிறது. அவள் கை எந்தப் பக்கம் நீண்டது, எத்தனை வளையல், எல்லாம் சொல்வேன். என் முகத்தைப் பார்த்தாளா என்றால் சொல்லத் தெரியவில்லை. நான் கையைத்தான் பார்த்தேன்.

ஆனால் ஒன்று சொல்கிறேன், கேட்டுக்கொள். நீ கேட்டிருப்பதெல்லாம் கை காட்டப்பட்டவள் கேட்கிற கேள்வி இல்லை. சாப்பாடு இறங்கியதா என்று கை காட்டப்பட்டவள் கேட்க மாட்டாள்.

கண்ணாடி அக்கா பற்றி நான் கேட்டு இரண்டு மாதம் ஆகிறது.

நான் மாடிக்குப் போய்க் கேட்பேன் என்று எதிர்பார்க்காதே. முழங்கால் இருக்கிற நிலையில் அந்தப் பதினேழு படியை என்னால் ஏற முடியாது. ஏற முடிந்தாலும் ஏற மாட்டேன்.

வேளைக்குச் சாப்பிடு.

பாட்டி


ஏப்ரல் 30

சிட்டு,

இருபத்திநாலு நாளாக உன்னிடமிருந்து கடிதம் இல்லை. உன் அப்பனிடம் போனில் பேசினாயாம், நன்றாக இருக்கிறாயாம். அது எனக்குக் கடிதம் ஆகாது.

பதினேழு படியும் ஏறினேன். உனக்காக ஏறவில்லை. அந்த ஏழு கேள்வியும் என்னை உட்காரவும் விடவில்லை, படுக்கவும் விடவில்லை. பல் இடுக்கில் நார் மாட்டினது மாதிரி ஆகிவிட்டது. முப்பத்தொரு வருஷம் இதைக் கேட்காமல் எப்படி இருந்தேன் என்று எனக்கே ஆச்சரியமாக இருக்கிறது.

கதவைத் திறந்தவள் என்னைப் பார்த்தாள். பிறகு, "வாக்கா" என்றாள். நேற்றுத்தான் பேசின மாதிரி. எனக்கு அதுவே எரிச்சல்.

நான் உட்காரவில்லை. "நீ அன்னிக்கு என்னக் கை காட்டினியே, தெரிஞ்சு காட்டினியா, தெரியாம காட்டினியா?" என்று நேராகக் கேட்டேன்.

"என்னிக்கு?" என்று அவள் கேட்டிருந்தால் அங்கேயே ஏதாவது எடுத்து எறிந்திருப்பேன். அவள் அப்படிக் கேட்கவில்லை. "தெரிஞ்சுதான் காட்டினேன். நீதானே பெட்டிய வச்சே" என்றாள்.

"நான் வைக்கல!"

"நீதான் வச்சே. நீ இப்பவும் ஒத்துக்க மாட்டே."

அவள் மருமகள் அடுப்பை அணைத்துவிட்டு ஓடிவந்தாள். "ரெண்டு பேரும் உட்கார்ந்து சண்டை போடுங்க, விழுந்து வைக்காதீங்க" என்றாள். நல்ல பெண். உட்கார்ந்தோம். ஜன்னல் வலது பக்கம் என்றேன், இடது பக்கம் என்றாள். மேசை கதவை ஒட்டி இருந்தது என்றேன், ஒட்டி இல்லை என்றாள். வாய்ப்பேச்சில் அடங்கவில்லை. மருமகள் சாப்பாட்டு மேசையைத் துடைத்துவிட்டு, மின்சாரத்தில் செருகாமல் இஸ்திரிப் பெட்டியைக் கொண்டுவந்து வைத்தாள். அவள் புருஷனின் சட்டைகள் பதினாலும் வந்தன. அந்தப் பெண்ணே விசில்காரர்.

செய்து காட்டினோம். இவள் மடித்தாள், நான் இஸ்திரி போட்டேன். அதில் எங்களுக்குள் தகராறு இல்லை, கடைசி அங்கிக்கு இஸ்திரி போட்டது நான்தான். மணி அடித்ததாக மருமகள் ஒரு தட்டைத் தட்டினாள். இவள் கை கழுவப் போகிற மாதிரி கதவுப் பக்கம் போனாள். நான் கையில் பெட்டியோடு நின்றேன்.

அங்கே நின்றுவிட்டேன் சிட்டு. அப்புறம் நான் என்ன செய்தேன்?

பெட்டியைத் தாங்கியில் நிறுத்தினேனா, அவளிடம் கொடுத்தேனா, அங்கிகளின் மேல் வைத்தேனா. எனக்கு ஞாபகம் இல்லை. விசிலின் கயிறு பச்சை. அவள் பொத்தான் ஞாபகம் இருக்கிறது. குழாயில் தண்ணீர் சூடாக வந்தது ஞாபகம் இருக்கிறது. அது மட்டும் இல்லை. கை அப்படியே அந்தரத்தில் நின்றது. மருமகள், "அத்தை, கை வலிக்கும், கீழ வைங்க" என்றாள். எங்கே வைப்பது என்று தெரியவில்லை.

என் நிலைமையைப் பார்த்து அவளுக்கு வாய் நிறையச் சிரிப்பு வந்தது. நான் விடவில்லை. "நீ பாத்தியா? நான் வைக்கிறத உன் கண்ணால பாத்தியா?" என்றேன்.

கொஞ்ச நேரம் சட்டைகளை மடித்துக்கொண்டிருந்தாள். பிறகு, "பாக்கல" என்றாள். "நான் வைக்கலைன்னு எனக்குத் தெரியும். மிச்சம் இருந்தது நீதானே."

உன் மேலாளர் அம்மாளிடம் சொல்லு, காரணம் இதுதான் என்று.

சாப்பாடு இறங்கியதா என்றும் கேட்டேன். "நல்லாத்தான் சாப்பிட்டேன். நீதான் வச்சேன்னு நம்பினேன், எனக்கென்ன?" என்றாள். குணமே அப்படி.

நீ எழுது. என்னவாக இருந்தாலும் எழுது.

பாட்டி


மே 12

அன்புள்ள பாட்டிக்கு,

சிட்டு. உடம்பு நன்றாக இருக்கிறது. உங்கள் முழங்காலுக்குப் பதினேழு படி அதிகம், இனிமேல் சின்னப் பாட்டியைக் கீழே வரச் சொல்லுங்கள்.

கண்ணாடி அக்கா ஊருக்குப் போகவில்லை. நவம்பர் கடைசியிலேயே அறையைக் காலி செய்துகொண்டு போய்விட்டார்.

நாங்கள் பேருந்து இருக்கைப் பதிவுக்கான புரோகிராம் எழுதிக்கொண்டிருந்தோம். நவம்பர் கடைசியில் ஒரு நாள் காலையில் ஒரே இருக்கை இரண்டு பேருக்குப் பதிவாகிவிட்டது. ஒன்றல்ல, நானூறு இருக்கை. பேருந்துகள் கிளம்பவில்லை. கைக்குழந்தையோடு வந்தவர்களெல்லாம் நின்றிருக்கிறார்கள். முந்தின நாள் புரோகிராமில் கை வைத்தது நானும் அக்காவும் மட்டும்தான். குழுத் தலைவர் எல்லோர் முன்னாலும், "யாரோட மாற்றம் இது?" என்று கேட்டார்.

என்னுடையது சரியென்று எனக்கு உறுதியாகத் தெரியும் என்று நினைத்தேன். மிச்சம் இருந்தது அக்காதான். "அக்காவோடது" என்றேன். அக்கா என்னைப் பார்த்தார். அவரைக் குழுவிலிருந்து எடுத்துவிட்டார்கள். சாயங்காலம் அறைக்கு வந்து பெட்டியைக் கட்டினார். நான் மடித்துக் கொடுத்தேன் பாட்டி. அவர் துணிகளை மடித்துக் கொடுத்தேன்.

எட்டு நாள் கழித்து வேறு ஏதோ தேடும்போது பார்த்தேன். இருக்கை காலியா என்று பார்ப்பது ஒரு வரி. பதிவு செய்வது அடுத்த வரி. அந்த இரண்டுக்கும் நடுவில் கண் இமைக்கிற நேரத்தில் இன்னொருவர் உள்ளே நுழைந்துவிட முடியும். அந்த இரண்டு வரியும் நான் எழுதியவை.

சொல்லவில்லை. நாளைக்கு, நாளைக்கு என்று பதினாறு நாள். பிறகு சொல்வதற்குப் பதிலாக வேலையை விட்டுவிட்டேன்.

எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. சின்னப் பாட்டிக்கு இறங்கியதா என்று அதனால்தான் கேட்டேன்.

சிட்டு


மே 21

சிட்டு,

உன் கடிதம் பதினெட்டாம் தேதி வந்தது. மூன்று நாள் பதில் எழுதவில்லை. கோபம். முன்பே சொன்னேன், கோபம் வந்தால் எனக்கு உடனே பேச்சு வராது.

நீ என் பேத்தி. ஆனால் ஊறவைக்கும் அறையில் நின்றவள் நான். அந்தக் கண்ணாடிக்காரப் பெண் பெட்டி கட்டும்போது அவளுக்கு எப்படி இருந்திருக்கும் என்று உன் அப்பனுக்குத் தெரியாது, உனக்கும் தெரியாது, எனக்குத் தெரியும். உன் சின்னப் பாட்டியாவது தெரியாமல் இருந்தாள். நீ எட்டாம் நாள் தெரிந்துகொண்டாய். அவளைவிட நீ மோசம். இதை அவளிடம் சொன்னேன். அவளுக்கு அவ்வளவு சந்தோஷம்.

மன்னிப்புக் கேட்டு எழுது என்று நான் சொல்ல மாட்டேன். இவள் என்னிடம் மன்னிப்புக் கேட்டிருந்தால் எனக்குப் பிடித்திருக்காது. அழுதுகொண்டு வந்து நின்றால் கதவைச் சாத்தியிருப்பேன். என்ன செய்தால் பிடித்திருக்கும் என்று யோசித்துப் பார்த்தேன், தெரியவில்லை. நீ படித்தவள், யோசி.

இரண்டாம் தடவை செய்து பார்த்தோம். இந்தத் தடவை அவள் கீழே வந்தாள். பெட்டியைத் தாங்கியில் நிறுத்தியிருந்தாலும் மேசை ஆடினால் விழும் என்கிறாள். விழாது என்கிறேன். மருமகளை மேசையை ஆட்டச் சொன்னோம். ஒரு தடவை விழுந்தது, நாலு தடவை விழவில்லை. என் தரை ஓடு ஒன்று உடைந்தது. அதையும் நினைவில் வைத்திருக்கிறேன்.

கோபமாக இருந்தாலும் கேட்கிறேன், சாப்பிடுகிறாயா?

பாட்டி


ஜூன் 9

அன்புள்ள பாட்டிக்கு,

சிட்டு. சாப்பிடுகிறேன். நேற்றும் இன்றும் வேளைக்கு.

பழைய கம்பெனியின் குழுத் தலைவருக்கு எழுதினேன்: அன்று நடந்தது என் தவறு, அக்கா மீது எழுதிவைத்த குறிப்பை அழித்துவிடுங்கள் என்று. "பார்க்கிறேன்" என்று ஒற்றைச் சொல்லில் பதில் வந்தது. அக்காவுக்கும் எழுதினேன். நாலு பக்கம். நீங்கள் வேண்டாம் என்றும் மன்னிப்பு இரண்டு இடத்தில் வந்துவிட்டது. அவரிடமிருந்து பதில் இல்லை.

அதற்கு மறுநாள் ஆறாவது கம்பெனியில் கடைசிச் சுற்று. மேலாளர் வயதானவர், சட்டைப் பையில் இரண்டு பேனா. அதே கேள்வி. இரவல் எதையும் எடுக்கவில்லை. "நான் ஒருத்தர் மேல தப்பாப் பழி சொன்னேன் சார்" என்று ஆரம்பித்தேன். வாய் பூட்டிக்கொள்ளவில்லை. நடுவில் இரண்டு தடவை நின்றேன், அவ்வளவுதான்.

"எப்படித் தீர்த்தீங்க?"

"இன்னும் தீரல சார். நேத்துதான் எழுதிப் போட்டேன்."

"நேத்தா? ஆறு மாசமா என்ன பண்ணீங்க?"

"உங்கள மாதிரி ஆட்கள் முன்னாடி உட்கார்ந்து தண்ணி குடிச்சேன் சார்."

அவர் சிரிக்கவில்லை. பலகையில் எழுதுகிற பேனாவை எடுத்துக் கொடுத்து, "அந்தத் தப்பு எப்படி வந்துச்சு? வரைஞ்சு காட்டுங்க" என்றார். வரைந்தேன். "எத்தனை பேர் ஒரே நேரத்துல நுழைஞ்சா வரும்? தனியா சோதிச்சா ஏன் தெரியல?" என்று கேட்டுக்கொண்டே போனார். அவரும் எழுந்து வந்து வரைந்தார். ஒரு மணி நேரம் ஆகிவிட்டது. அடுத்தவர் வெளியே காத்திருந்தார்.

முடிவு சொல்லவில்லை. இன்னும் இருபத்தொரு நாள். அப்பா நேற்று போனில் ஸ்வெட்டர் அளவு கேட்டார்.

சிட்டு


ஜூன் 16

சிட்டு,

ஸ்வெட்டர் அளவு கேட்டவனிடம் எட்டாம் வகுப்பை நினைவுபடுத்தினேன். எழுந்து வெளியே போய்விட்டான்.

உன் மேல் கோபம் இன்னும் இருக்கிறது. தண்ணீர் குடித்தேன் என்று சொன்னாயே, அந்த இடத்தில் மட்டும் கொஞ்சம் குறைந்தது.

முடிவு வந்ததா? அந்தப் பெண் எழுதினாளா? மாடியிலிருந்தும் தினம் கேட்கிறார்கள். இரண்டு வரி போதும், உடனே எழுது. முழங்கால் பரவாயில்லை.

பாட்டி


ஜூன் 28

அன்புள்ள பாட்டிக்கு,

சிட்டு எழுதுகிறேன். நீங்களும் மாடியில் இருப்பவர்களும் நன்றாக இருக்க வேண்டும்.

வேலை கிடைத்துவிட்டது. புதன்கிழமை காலையில் கடிதம் வந்தது. புரோகிராம் வெளியே போகும் முன்னால் அதில் தப்புத் தேடும் பிரிவில் போட்டிருக்கிறார்கள். இரண்டு பேனாக்காரர்தான் அதற்குத் தலைவர். அப்பாவிடம் சொல்லிவிட்டேன். "ஸ்வெட்டர் வாங்கிட்டேனே" என்றார்.

இன்னொன்று. நேற்று சாயங்காலம் துணி உலர்த்திக்கொண்டிருந்தேன். போன் வந்தது, தெரியாத எண். எடுத்ததும், "எந்த வரி?" என்றது குரல்.

ஈரத் துணியைத் தோளில் போட்டுக்கொண்டு அப்படியே நின்றேன். எப்படி இருக்கே என்று இல்லை, கடிதம் வந்தது என்று இல்லை. நாலு பக்கம் எழுதியிருந்தேன் பாட்டி, எந்த வரி என்று எழுதவில்லை. அதை எழுத வேண்டும் என்றே தோன்றவில்லை.

"நூத்தி எழுபத்திரண்டாவது வரி, அக்கா" என்றேன்.

தட்டச்சுச் சத்தம் கேட்டது. பிறகு, "அது மட்டும் இல்ல. நூத்தி அறுபத்தொம்பதையும் பாரு. அங்க அடுத்த ஆள் நுழையாம பூட்டே போடல. நீ எழுபத்திரண்டச் சரி பண்ணியிருந்தாலும் ரெண்டு பதிவு திரும்பவும் இடிச்சிருக்கும்" என்றார்.

"அது எப்படிக்கா? அதுக்கு முன்னாடியே..."

"முன்னாடி எங்க? நீ மேல இருந்து படி."

எனக்கு மனப்பாடமாகத் தெரிந்த வரிகளை நான் வாயால் சொல்ல, அவர் அங்கே தட்டிப் பார்த்தார். இல்லை என்றேன், ஆமாம் என்றார். ஒன்றேகால் மணி நேரம். தோளில் இருந்த துணி காய்ந்தேவிட்டது. கடைசியில் அவர் சொன்னதுதான் சரி. என் தப்பு நான் நினைத்ததைவிடப் பெரிது.

வைப்பதற்கு முன்னால் சொன்னார்: "உன் மேல கோபம் போகல. அது வேற. டிக்கெட் ரத்து பண்ற பகுதியிலயும் இதே ஓட்டை இருக்கும்னு தோணுது. நாளைக்கு ஏழு மணிக்குக் கூப்பிடுறேன், பேப்பர் எடுத்து வச்சுக்க."

அந்த நாளை இன்றுதான் பாட்டி. மணி ஏழாக இன்னும் பத்து நிமிடம் இருக்கிறது. பேப்பர் எடுக்க வேண்டும், நிறுத்திக்கொள்கிறேன்.

சிட்டு